காணாக்கடி: சட்டைக்குள் மறைக்கும் நோய்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்ட பின்னர் பள்ளிவாசலின் பேஷ் இமாம் அவர்கள் ஆற்றிய உரை. நிர்வாகக் குழுவின் வேண்டுகோளுக்கிணங்க எழுத்து வடிவில் இங்கு இடம்பெறுகிறது.)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஆண்டுதோறும் இக்கூட்டத்தில் தொழுகை, ஜகாத், பிள்ளைகளின் மக்தப் படிப்பு என்று பேசி வந்திருக்கின்றோம். இவ்வாண்டு ஒரு நோயைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். செயலாளர் அவர்கள் சற்று வியப்புடன் நம்மைப் பார்த்தார்கள். நோயைப் பற்றிப் பேச மருத்துவரை அழைத்தால் போதுமே, ஹஸ்ரத் எதற்கு என்பது அப்பார்வையின் பொருள். காரணத்தைக் கூறியதும், பத்து நிமிடம் என்றிருந்ததை அவர்களே இருபது நிமிடமாக ஆக்கித் தந்தார்கள்.

நம் பள்ளியில் ஜும்ஆவுக்கு ஒழுங்காக வந்து கொண்டிருந்த இளைஞர் ஒருவர், சில மாதங்களுக்கு முன்பு திடீரென்று வராமல் நின்று விட்டார். தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்காக ஓசூர் வந்தவர். ஜூஜூவாடி அருகே வாகன உதிரிபாகங்களைச் சூளையில் வைத்துப் பதப்படுத்தும் பட்டறை ஒன்றில் வேலை பார்ப்பவர். அவருடைய அறைத் தோழரிடம் விசாரித்தோம். "உடம்பு சரியில்லை ஹஸ்ரத்" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் அஸருக்குப் பின் நாமே அவருடைய அறைக்குச் சென்றோம். அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டையின் பொத்தான்களைப் போட்டுக் கொண்டு அமர்ந்திருந்தார். நீண்ட நேரத்திற்குப் பிறகே வாய் திறந்தார். வேலை முடிந்து, நேரமாகி விடுமே என்று சைக்கிளை வேகமாக மிதித்து ஜும்ஆவுக்கு வருவாராம். ஸஃப்பில் வந்து நிற்கும்போது கை, கழுத்து, மார்பு எங்கும் சிவந்து பொடிப் பொடியாகத் தடித்து விடுமாம். ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்தில் நின்றவர் அதைப் பார்த்து விட்டு ஒரு முழம் தள்ளி நின்று கொண்டார். அடுத்த வாரமும் அவ்வாறே நடந்தது. மூன்றாம் வாரம் இவர் வரவில்லை.

தள்ளி நின்றவர் யார் என்று நாம் கேட்கவில்லை. அது நம்மில் எவராகவும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த இளைஞரிடம் நம் ஜுப்பாவின் கையை மடித்துக் காட்டி, "தம்பி, மாடிப்படியில் நான்கு தடவை ஏறி இறங்கினால் இந்தக் கையும் அப்படித்தான் ஆகும்" என்று சொன்னோம். அவர் நம்பவில்லை. அவருடைய வீட்டு மாடிப்படியிலேயே ஏறி இறங்கிக் காட்டினோம். பத்து நிமிடத்தில் நம்முடைய முன்கையில் கடுகு சிதறியது போல் தடிப்புகள் எழும்பின. அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்த பிறகுதான், இதைச் சபையில் சொல்லியாக வேண்டும் என்ற எண்ணம் நமக்கு உண்டாயிற்று. இந்த ஊருக்கு 2009இல் வந்தோம். இத்தனை ஆண்டுகளாக ஜமாஅத்தார் எவரிடமும் இதைச் சொன்னதில்லை. மறைத்தது நமது தவறு. நாம் முன்பே சொல்லியிருந்தால் அந்த இளைஞர் அறைக்குள் முடங்கியிருக்க மாட்டார்.

நமக்கு இந்நோய் வந்தது ஓதிக் கொண்டிருந்த காலத்தில். அப்போது வயது பத்தொன்பது. 1998 டிசம்பர் பிற்பகுதியில் ரமளான் பிறந்தது. நல்ல குளிர்காலம். தராவீஹ் தொழுகைக்கு மதரஸாவின் சிறிய மண்டபத்தில் நெருக்கமாக நின்றிருந்தோம். ஆறாவது ரக்அத்தில் மார்பிலும் முதுகிலும் நூறு ஊசிகளால் ஒரே நேரத்தில் குத்துவது போல் இருந்தது. ஸலாம் கொடுத்து விட்டுப் பார்த்தால் தோல் முழுவதும் சிவந்து, நடுவில் வெண்மையாகச் சிறு சிறு புள்ளிகள். பயந்து வெளியே ஓடி வந்து கிணற்றடியில் நின்றோம். குளிர்ந்த காற்று பட்டதும் சற்று நேரத்தில் அடங்கியது. அறைக்குத் திரும்பி விளக்கொளியில் தோழர்களிடம் காட்டப் பார்த்தபோது அங்கே ஒன்றுமே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள்.

இந்நோயின் பெரிய தொல்லையே இதுதான். வரும்போது பார்ப்பவர் அஞ்சி விலகுகின்றார். மருத்துவரிடம் போகும்போது காட்டுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை.

பூச்சி கடித்திருக்கும் என்றார் ஒருவர். தமிழில் காணாக்கடி என்ற பெயரே அப்படி வந்ததுதான். கண்ணுக்குத் தெரியாத ஏதோ கடித்தது என்று முன்னோர் கருதினர். நம் ஊர்ப் பக்கத்தில் உருது பேசும் வீடுகளில் 'பித்தி' என்பார்கள். பித்தம் பொங்கி விட்டதாகக் கருத்து. அந்தக் கணக்கில் நமக்குக் கத்தரிக்காய் நிறுத்தப்பட்டது, கருவாடு நிறுத்தப்பட்டது, பின்பு முட்டையும் நிறுத்தப்பட்டது. வேப்பிலை அரைத்துப் பூசினோம். கண்ணேறு என்றார் வேறொருவர். ஓதிப் பார்ப்பதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஓதிப் பார்த்தவர் எவரும் "மருத்துவரிடமும் போ" என்று சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்றும் உண்டு. உடன் ஓதிய ஒரு மாணவர், இது ஒட்டிக் கொள்ளும் நோய் என்று சொல்லி நம்முடைய தட்டைத் தனியே வைத்தார். சில மாதங்கள் தாழ்வாரத்தில் தனியே படுத்தோம்.

நாமும் நம்முடைய பழக்கங்களை மாற்றிக் கொண்டோம். மாலையில் பந்து விளையாடுவதை விட்டோம். வேகமாக நடப்பதை விட்டோம். இகாமத் சொல்லும் சப்தம் கேட்டாலும் மெதுவாகவே சென்றோம். முதல் ஸஃப் கிடைக்காமல் போயிற்று. விறகு சுமக்கும் முறை வந்தால் வேறு எவருக்காவது துணி துவைத்துக் கொடுத்து அதை மாற்றிக் கொண்டோம். மதரஸாவில் நமக்குச் 'சோம்பேறி' என்ற பட்டம் நிலைத்தது. உஸ்தாத் ஒருவரும் அவ்வாறு அழைத்தார். அவர் மீது குறையில்லை. நாம் காரணத்தைச் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?

இதற்கிடையில் மருந்துக் கடை வைத்தியமும் நடந்தது. கேட்டதும் ஒரு மாத்திரை தருவார்கள். அதை விழுங்கினால் அரிப்பு நிற்கும், கூடவே பாடமும் நின்று விடும். கிதாபின் மீதே தலை சாய்ந்து உறங்கியிருக்கின்றோம். பின்பு வேறொரு சிறிய மாத்திரை தந்தார்கள். அதிசயமாகக் குணம் தெரிந்தது, பசி எடுத்தது, இரண்டு மாதத்தில் கன்னங்கள் உப்பின. ஊருக்குப் போனபோது தாயார் "மதரஸா சாப்பாடு ஒத்துக் கொண்டது" என்று மகிழ்ந்தார்கள். அது ஸ்டீராய்டு என்பதும், மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் அதைத் தொடர்ந்து தின்றால் சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, எலும்புத் தேய்வு ஆகியவை வரும் என்பதும், திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து என்பதும் பின்னரே தெரிந்தது.

நான்காவது ஆண்டில்தான் அரசு மருத்துவமனை ஒன்றின் தோல் பிரிவுக்குச் சென்றோம். முதியவரான அம்மருத்துவர் நாம் சொன்னதை முழுவதும் கேட்டார். உடம்பில் ஒன்றும் இல்லையே என்று அனுப்பி விடவில்லை. "போய் அந்தப் படிக்கட்டில் பத்து நிமிடம் ஏறி இறங்கி விட்டு வா" என்றார். தொப்பியும் ஜிப்பாவுமாக ஒரு வாலிபன் மருத்துவமனைப் படிகளில் ஓடுவதை எல்லோரும் வேடிக்கை பார்த்தனர். வியர்த்து வந்து நின்றதும் கையைப் பார்த்து, "இதோ வந்துவிட்டது" என்று சிரித்தார். நான்கு ஆண்டுகளில் நம்முடைய நோயைக் கண்டு மகிழ்ந்த முதல் மனிதர் அவரே. இந்த இளைஞரின் வீட்டுப் படியில் நாம் ஏறியது அவரிடம் கற்ற பாடம்தான்.

இனி, அந்த மருத்துவரிடமும் பின்னர் பல மருத்துவர்களிடமும் கேட்டும் படித்தும் அறிந்து கொண்டதைச் சொல்கின்றோம்.

மருத்துவர்கள் இதைக் கோலினெர்ஜிக் அர்ட்டிகேரியா என்கின்றனர். வெப்பம் முதலான புறக்காரணங்களால் காணாக்கடி உண்டாவதை அமெரிக்க மருத்துவர் டியூக் என்பவர் 1924இலேயே எழுதியிருக்கின்றார். ஆக, அறியப்பட்டு நூறாண்டு கடந்த நோய் இது. உடற்பயிற்சி, வெந்நீர்க் குளியல், புழுக்கம், காரமும் சூடுமான உணவு, கோபம், பதற்றம் இவற்றால் உடலின் உள்வெப்பம் உயரும்போது உடல் வியர்க்கத் தொடங்குகிறது. வியர்வைச் சுரப்பிகளுக்குக் கட்டளை கொண்டு செல்லும் நரம்புகள் அசிட்டைல்கோலின் என்ற பொருளை வெளியிடுகின்றன. நோயின் பெயர் இதிலிருந்து வந்ததே. தோலில் மாஸ்ட் செல்கள் என்னும் அணுக்கள் காவலாளிகளைப் போல் இருக்கின்றன. இந்நோய் உள்ளவர்களிடம் அவை தேவையில்லாமல் கிளர்ந்து ஹிஸ்டமின் என்ற இரசாயனத்தைக் கொட்டி விடுகின்றன. அதனால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது. தோல் சிவந்து தடித்து அரிக்கிறது.

மாஸ்ட் செல்கள் ஏன் கிளர்கின்றன என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே காரணம் இல்லை. சிலருக்குத் தம் சொந்த வியர்வையே ஒவ்வாமல் போகிறது. ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல், எல்லா மனிதர்களின் தோலிலும் வாழும் மலசீசியா என்ற பூஞ்சையின் ஒரு புரதம் வியர்வையில் கலந்து இவ்வாறு செய்வதைக் கண்டறிந்தனர். வேறு சிலருக்கு வியர்வை சரியாக வெளியேறாததே காரணமாகிறது.

தடிப்புகள் மிகச் சிறியவை. ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரை இருக்கும், சுற்றிலும் சிவப்பு படரும். பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் தடம் இன்றி மறையும். சாதாரணக் காணாக்கடியின் தடிப்புகள் பெரியவை, பல மணி நேரம் நிற்பவை. வேர்க்குரு வேறு, அது வியர்வைத் துவாரம் அடைபட்டு வருவது, நாட்கணக்கில் இருப்பது. இரத்தம் கெட்டதால் வருவது என்பதும் சரியன்று.

இது ஒட்டாது. தொட்டாலும், பக்கத்தில் நின்றாலும், ஒரே தட்டில் உண்டாலும், ஒரே முஸல்லாவில் ஸஜ்தா செய்தாலும் ஒட்டாது.

பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் தொடங்குவது வழக்கம். அரிதான நோயும் அன்று. ஜெர்மனியில் இளவயதினரிடம் நடத்தி 1994இல் வெளியிட்ட ஆய்வொன்றில் நூற்றுக்குப் பதினோரு பேரளவில் இதன் அறிகுறி இருந்தது; அவர்களில் மிகப் பலருக்கு மருந்தே தேவைப்படாத அளவு லேசானது. பலருக்குச் சில ஆண்டுகளில் தானே தணிந்து விடும். நம்மைப் போல் சிலருக்கு நீண்ட காலம் இருக்கும்.

குளிர்காலத்தில் நமக்கு ஏன் வந்தது என்ற கேள்விக்கும் விடை உண்டு. தினமும் வியர்ப்பவர்களுக்கு இது குறைவாக இருப்பதும், வியர்வையே இல்லாத குளிர் நாட்களில் திடீரென்று உடல் சூடேறும்போது கடுமையாக வருவதும் பலரிடம் காணப்படுகிறது. ஒருமுறை வந்து அடங்கிய பின் சில மணி நேரம், சிலருக்கு ஒருநாள் வரைகூட, மீண்டும் வருவதில்லை. இது ஓசூர்வாசிகள் அறிய வேண்டிய செய்தி. நம்முடைய ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி ஏறி வரும்போதே காற்று மாறுவதை உணர்கின்றோம். வேலூர், வாணியம்பாடி உறவினர்கள் "உங்களுக்கென்ன, குளிர்ந்த ஊர்" என்பார்கள். ஊர் குளிர்ச்சிதான், ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் தெரியும். 1970களில் சிப்காட் வந்ததிலிருந்து இங்கு வாழ்க்கையே கூரைத் தகட்டின் கீழ்தான். உருக்கு உலை, வார்ப்படம், பெயிண்ட் உலர்த்தும் அடுப்பு, இறப்பர் அச்சு எல்லாம் வெப்பம். வெளியே தளி, பேரிகைப் பக்கம் ரோஜா வளர்க்கும் பசுமைக் குடில்களில் வேறு விதமான ஈரப் புழுக்கம். கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ்த் தொழிற்சாலைகள் சுறுசுறுப்பாக இயங்கும் மே, ஜூன், ஜூலை மாதங்களில் கொதிகலன் அருகே நிற்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். அதிகாலையில் பனியில் நடுங்கிக் கொண்டு பேருந்தில் ஏறி, ஒரு மணி நேரத்திற்குள் உலை முன்பு நிற்பவரின் உடல் என்ன செய்யும்?

இந்த இளைஞர் ஒப்பந்தத் தொழிலாளி. தடிப்பைப் பார்த்தால் நாளை வரவேண்டாம் என்று சொல்லி விடுவார்களோ என்ற அச்சத்தில் மேற்சட்டையின் கழுத்துப் பட்டையை இறுக்கிக் கொண்டு வேலை செய்திருக்கின்றார். அதனால் சூடு இன்னும் ஏறும், தடிப்பு இன்னும் கூடும். கடையில் வாங்கிய தூக்க மாத்திரைக்கு நிகரான அரிப்பு மாத்திரையைக் காலையிலேயே விழுங்கி விட்டுச் சூளையின் முன்பு நின்றிருக்கின்றார். ஒருநாள் கண் அயர்ந்து கை இடுக்கியிலிருந்து நழுவியது, அல்லாஹ் காத்தான். ஏவில் முதலான பழைய வகை மாத்திரைகள் மூளையைச் சென்றடைந்து மந்தத்தை உண்டாக்குபவை. இயந்திரத்தில் வேலை பார்ப்பவரும், அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருபவரும் அவற்றைத் தாமே வாங்கித் தின்னக் கூடாது. பின்னால் வந்த செட்டிரிசின், லெவோசெட்டிரிசின் போன்றவற்றில் மந்தம் குறைவு, ஆயினும் சிலருக்கு உண்டு. ஃபெக்ஸோஃபெனடினில் இன்னும் குறைவு. உங்கள் வேலை என்னவென்று மருத்துவரிடம் சொன்னால்தான் அவர் அதற்கேற்ப எழுதுவார். அரித்த பிறகு விழுங்குவதை விடத் தொடர்ந்து தினமும் உண்பதே பயன் தரும். சாதாரண அளவு போதாவிட்டால், நான்கு மடங்கு வரை உயர்த்துவதற்கு உலகளவிலான மருத்துவ வழிகாட்டுதல்களில் இடமுண்டு; அது மருத்துவரின் கையில் உள்ளது, நம் கையில் இல்லை. எதற்கும் அடங்காதவர்களுக்கு மாதந்தோறும் போடும் ஓமலிசுமாப் என்ற ஊசியும் இருக்கிறது, விலை மிகுதி.

தொலைவில் போக வேண்டியதில்லை. 2022 முதல் கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள நம் பிள்ளைகள் பலர் அந்த அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டே மருந்துக் கடைக்குப் போகின்றார்கள்.

ஒரு விஷயத்தில் அலட்சியம் கூடாது. தடிப்போடு உதடு அல்லது நாக்கு வீங்குதல், தொண்டை அடைத்தல், மூச்சுத் திணறல், தலை சுற்றி விழுதல் இவற்றில் ஒன்று தோன்றினாலும் அது வெறும் காணாக்கடி அன்று. உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை. உடனே 108க்கு அழைக்க வேண்டும். அட்ரினலின் ஊசிதான் அதற்கு மருந்து. அரிப்பு மாத்திரையைக் கொடுத்துக் காத்திருப்பது தவறு. கோதுமை முதலான சில உணவுகளை உண்டு விட்டு ஓடினால் மட்டும் இவ்வாறு ஆகிறவர்களும் உண்டு. ரொட்டி தின்றாலும் ஒன்றுமில்லை, ஓடினாலும் ஒன்றுமில்லை, இரண்டும் சேர்ந்தால் மயக்கம். அத்தகையவர் தாமே சோதித்துப் பார்க்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். நாம் படிக்கட்டில் ஏறிக் காட்டியதைக் கேட்டு எவரும் வீட்டில் அவ்வாறு செய்து பார்க்க வேண்டாம். நமக்கு நம் நோயின் தன்மை பல்லாண்டுப் பழக்கம்.

மார்க்கச் சட்டம் பற்றி அந்த இளைஞர் கேட்ட கேள்விகளுக்கும் இங்கேயே பதில் சொல்லி விடுகின்றோம். தடிப்பு எழும்புவதால் ஒளு முறியாது. சொறிந்து இரத்தம் வழிந்தால் ஹனஃபி மத்ஹபின்படி முறியும். ஷாஃபிஈ மத்ஹபின்படி முறியாது. இடத்தைக் கழுவிக் கொள்ள வேண்டும். வெந்நீர் ஆகாது என்பதற்காகத் தயம்மும் செய்ய இயலாது; தண்ணீரோ வெதுவெதுப்பான நீரோ போதும். குளிர்ந்த நீரால் காணாக்கடி வருகிறவர்கள் வேறு உண்டு, அவர்களுடைய சட்டம் வேறு. அவர்கள் தனியே கேட்டுக் கொள்ளலாம். நோன்பைப் பொறுத்தவரை, நோயாளிக்குரிய சலுகை அல்பகரா அத்தியாயத்திலேயே இருக்கிறது. ஆனால் இந்நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது தேவைப்படுவதில்லை. ஒருநாள் முழுவதும் வேலை செய்யும் மாத்திரையை ஸஹரிலோ இஃப்தாரிலோ உண்ணும்படி மருத்துவரிடம் கேட்டு மாற்றிக் கொள்ளலாம். நாம் இத்தனை ஆண்டும் அப்படித்தான் நோன்பு நோற்கின்றோம். உண்மையில் தொல்லை தருவது நோன்பு அன்று. இஃப்தாரில் ஆவி பறக்கும் கஞ்சியை அவசரமாகக் குடித்து விட்டு மக்ரிபுக்கு எழும்புவதுதான். சற்று ஆற விட்டுக் குடியுங்கள். பகலில் மூச்சு முட்டும் நிலை வந்தால் நோன்பை விட்டு விட்டு மருந்து உண்பதே கடமை. பிறகு ஒன்றுக்கு ஒன்று களாச் செய்தால் போதும், கஃப்பாரா இல்லை. ஊட்டத்திற்காக அல்லாமல் மருந்தாகப் போடும் ஊசியால் நோன்பு முறியாது என்பது இக்காலத்து ஆலிம்களில் பெரும்பாலோரின் முடிவு.

ஹஜ்ஜுக்கு நாடியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 ஜூனில் மக்காவில் வெப்பம் 51 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. 2025க்குப் பிறகு ஹஜ் மெல்லக் கோடையை விட்டு விலகுகிறது. ஆயினும் தவாஃபும் ஸஃயும் நெரிசலும் நடையும் நிறைந்தவையே. இந்நோய் உள்ளவர் இரவு நேரத்தைத் தேர்ந்து கொள்வதும், மருந்தைக் கையோடு வைத்துக் கொள்வதும், உடன் வருபவரிடம் நோயைச் சொல்லி வைப்பதும் அவசியம்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் முஹல்லாவில் ஒரு பிள்ளைக்கு இந்நோய் இருப்பதைத் தாயார் மூன்று ஆண்டுகள் எவருக்கும் சொல்லவில்லை. சம்பந்தம் தட்டிப் போகும் என்ற பயம். ஒரு சம்பந்தம் தட்டியும் போயிற்று. வலீமா விருந்துக் கூட்டத்தில் புர்காவின் புழுக்கத்தில் முகம் தடித்ததைப் பார்த்து, "ஏதோ வியாதி" என்று யாரோ சொன்ன ஒரே சொல்தான் காரணம். அந்தப் பிள்ளைக்கு வெளிர் நிறத்தில் பருத்தித் துணியில் தளர்வான புர்கா தைத்துக் கொடுத்திருந்தால் பாதித் தொல்லை குறைந்திருக்கும். பர்தாவுக்குக் கறுப்பு நைலான் துணிதான் வேண்டும் என்று எந்தக் கிதாபிலும் இல்லை.

பதற்றத்தாலும் இது வரும் என்றோம் அல்லவா? இப்பள்ளியில் நாம் முதல் ஜும்ஆ பயான் செய்த அன்று மிம்பரில் ஏறியதுமே முதுகெங்கும் எரியத் தொடங்கியது. குத்பாவை அன்று விரைவாக முடித்தோம். புதிய இமாம் சுருக்கமாகப் பேசுகின்றார் என்று பலர் பாராட்டினார்கள்.

அந்த இளைஞர் தோல் மருத்துவரைக் கண்டு மூன்று மாதமாகிறது. மாத்திரை உண்கின்றார், முற்றிலும் நிற்கவில்லை, பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. மருத்துவர் எழுதித் தந்த கடிதத்தை மேற்பார்வையாளரிடம் கொடுக்க முதலில் மறுத்தார். நம் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் உடன் சென்றார். சூளையிலிருந்து அளவு பார்க்கும் பிரிவுக்கு மாற்றியிருக்கின்றார்கள். மிகைநேரப் பணி குறைந்ததில் சம்பளமும் சற்றுக் குறைந்து விட்டது. ஊருக்கு அனுப்பும் பணத்தில் அது துண்டு விழுகிறது. அது இன்னும் தீராத சங்கடம்.

இவ்வாண்டு வரவு செலவில் மின்விசிறிகளுக்கென்று ஒதுக்கிய தொகையைப் பற்றிச் சற்று முன்பு ஒருவர் கேள்வி எழுப்பினார். வடக்குச் சன்னல் ஓரமாக இரண்டு விசிறிகள் கூடுதலாகப் போட்டது நம் வேண்டுகோளின்படி. வெள்ளிக்கிழமைகளில் அவ்விடத்தை, வேலைத்தளத்திலிருந்து வியர்வையோடு ஓடி வருகிறவர்களுக்கு விட்டு வையுங்கள். சென்ற வாரம் அங்கே அந்த இளைஞர் நின்றிருந்தார். அவருக்கு வலப்பக்கம் நின்றவர் தோளோடு தோள் சேர்த்து நின்றார். தொழுகை முடிந்ததும் வேறு இருவர் நம் அறைக்கு வந்து, கதவைச் சாத்தி விட்டுச் சட்டைக் கையை மடித்துக் காட்டினார்கள். இருவருக்கும் திங்கட்கிழமை காலை மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருக்கின்றோம்; நாமும் உடன் செல்கின்றோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.